சென்னியப்பனுக்குச் சொல்ல வேண்டிய பதில்

உ

வேலம்பாளையம்,
திருப்பூர்.
25.10.2009, ஞாயிறு

அன்பு மகன் பூபாலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தமிழ்மதியும் நன்றாக இருக்கிறோம். லூதியானாவில் நீயும் அன்புசெல்வியும் நித்தீஷும் குளிர் தொடங்கும் முன்பே கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வருஷம் போல் நித்தீஷுக்கு நெஞ்சுச் சளி கட்ட விடாதீர்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "வேண்டாம்னா வேண்டாம், விடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஐந்தாவதோடு என் படிப்பு நின்றாலும், சேவூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் சிலேட்டைத்தான் மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார். அதனால் எழுத்துப் புரியவில்லை என்று நீ தப்பிக்க முடியாது. தமிழ்மதி சிநேகிதி கல்யாணத்துக்கு அவினாசி போயிருக்கிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். சென்னியப்பன் தன் பாட்டுக் கடையைக் காலி செய்கிறார். அந்த இடத்தில் உன் மகள் தமிழ்மதி சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்கிறாள். செல்போன் ரீசார்ஜ் கடைக்காரர் ஒருவரும் அதே இடத்தைக் கேட்கிறார். "கார்த்திகை ஒண்ணாந் தேதி வரைக்கும் பாக்கறனுங்க அக்கா, அதுக்கு மேல அந்தாள நிறுத்தி வெக்க முடியாதுங்க" என்று சென்னியப்பன் தவணை சொல்லியிருக்கிறார். பி.காம். படித்த பெண் சோற்றுக்கடை நடத்துவதா, குண்டடத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் என்ன சொல்வது என்று நீ கேட்டாய். முதலில் நானும் அதையேதான் கேட்டேன், மறைக்க மாட்டேன். ஆனால் இந்த யோசனை அவளுக்கு எப்படி வந்தது என்பதைக் கேட்க நீ போனில் இடமே கொடுக்கவில்லை. அந்த யோசனைக்குக் காரணமே நான்தான்.

ஆவணி மாதம் ஒரு நாள் காலையில் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். தோளில் பை மாட்டிய வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். ரயிலிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒருவர் கும்பிட்டு, "அம்மா, சாய்?" என்றார். இந்த ஊரில் பையோடு வந்து நிற்கிறவர் சாய் என்று இழுத்தால் வேறு எதைக் கேட்பார்? பாவம், முழு வார்த்தை வாயில் வரவில்லை போல என்று நினைத்து, எழுந்து தெருமுனை வரைக்கும் போய், நேராகப் போய்ப் பள்ளத்துப் பாலத்தில் இடதுபக்கம் திரும்பு, நாற்றம் வரும், அதைப் பிடித்துக்கொண்டே போ என்று மூக்கைப் பிடித்துக் காட்டிச் சாயப்பட்டறைக்கு அனுப்பி வைத்தேன்.

சாயங்காலம் இருவரும் திரும்ப வந்தார்கள். முழங்கை வரைக்கும் கை நீலம். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள்! அதற்குள் தமிழ்மதி ஆபீஸிலிருந்து வந்துவிட்டாள். இரண்டு கோடை லீவுக்கு உன்னிடம் வந்து இருந்தபோது கற்றுக்கொண்ட இந்தியில் அவர்களிடம் விசாரித்தாள். விசாரிக்க விசாரிக்கச் சிரிப்புத் தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பாயி, அவிய கேட்டது டீங்க! டீக்கு அவிய பாசையில சாய்ங்கறது! நீங்க பட்டறைக்குத் தாட்டி உட்டிருக்கறீங்க!" என்றாள்.

அன்றைக்குப் பட்டறையில் ஆள் பற்றாக்குறையாம். சூப்பர்வைசர் இவர்களைப் பார்த்ததும் பையைக் கழற்றி வைக்கச் சொல்லி ஈரத்துணி தூக்க விட்டிருக்கிறார். இந்த ஊரில் டீ குடிப்பதற்கு முன்னால் வேலை செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று இவர்களும் தூக்கியிருக்கிறார்கள். நாலு மணிக்கு டீ கொடுத்தார்களாம். அதனால் சந்தேகமே வரவில்லையாம். இப்போதும் இருவரும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். நான் போட்டுக்கொடுத்த வேலை என்று சொல்லிக்கொள்கிறேன், பொய் இல்லையே.

மூத்தவர் பெயர் ராம்பிரவேஷ். பீகார். என் வாயில் அந்தப் பெயர் நுழைய இரண்டு வாரம் ஆனது. அடுத்த தடவை வந்தபோது ரொட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஏனுங்க, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டுப் பேக்கரியைக் காட்டப் போனேன். தமிழ்மதி குறுக்கே வந்து, சப்பாத்தியைக் கேட்கிறார் என்று நிறுத்தினாள். அவர்கள் எட்டுப் பேர் ஒரே அறை. ஷிப்ட் முடிந்து வந்து அரைவேக்காட்டில் சோறும் உருளைக்கிழங்கும் பொங்கித் தின்கிறார்கள். அந்த வாரமே தமிழ்மதி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நம் தெருவையும் பின்தெருவையும் சுற்றினாள். நூற்று நாற்பது பேர் இப்படி இருக்கிறார்கள். யார் என்ன சாப்பிடுவார்கள், எத்தனை மணிக்கு ஷிப்ட் விடுகிறது எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். இந்தத் தெருவில் நாற்பது வருஷமாக இருக்கிறேன், எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு பதினைந்து பேரைக் கூப்பிட்டு நம் வாசலிலேயே ஒத்திகை பார்த்தாள். முதல் பத்து ரொட்டி அட்டை மாதிரி வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே வருத்தமாகிவிட்டது. ராம்பிரவேஷ் கை கழுவிவிட்டு வந்து, மாவை விரலால் அழுத்திப் பார்த்து, ஏதோ சொன்னார். மாவை அவசரப்படுத்திவிட்டீர்கள் என்கிறாராம். தண்ணீர் சேர்த்துப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தார். அரைமணி நேரம் எல்லோரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் போட்ட ரொட்டி ஒவ்வொன்றும் அடுப்பில் பந்து மாதிரி எழும்பியது. எப்படி உள்ளே காற்று வருகிறது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஒருவர் தலை நிமிராமல் தின்றார். ஒன்பது வரைக்கும் எண்ணினேன். கண் பட்டுவிடும் என்று அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவு பார்த்தும் எனக்கு மனது ஒப்பவில்லை. ஒரு நாள் சமைத்துப் போடுவது வேறு, கடை வைத்து உட்காருவது வேறு. உனக்கே தெரியும், இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் எந்தக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போன இருபது வருஷமும் தூக்குப்போசிச் சோறுதான். உன் அப்பா கூப்பிட்டும் போனதில்லை. கடை வைத்திருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள், என்ன பாடு படுகிறார்கள் என்று தெரியாமல் சரியென்றோ வேண்டாமென்றோ எப்படிச் சொல்வது? அதனால் ஒவ்வொரு கடையாகப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். நீ போய்வந்த கடைகளாகவே பார்த்துப் போனேன். அங்கேதானே என்னைத் தெரிந்துகொண்டு பேசுவார்கள்.

முதலில் பெருமாநல்லூர் ரோட்டில் ராமுத்தாய் கடை. அந்த அம்மா சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் பூபாலனின் அம்மா என்றதும் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்து, கேட்காமலே ஒரு கலக்கி போட்டுக் கொண்டுவந்தார். முட்டையைக் குழம்போடு அடித்துக் கல்லில் ஊற்றி, வெந்தும் வேகாமலும் மடித்து எடுத்துவிடுகிறார். இதற்கா இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வாயில் வைத்தேன். ருசிதான் பூபாலா, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம்தான் அந்த அம்மா வாயைத் திறந்தார். "உங்க மவன் புரட்டாசிச் சனிக்கெழமையாப் பாத்து வருவாக. ரெண்டு கலக்கி. வாசப்பக்கமே ஒரு கண்ணு இருக்கும், அம்மா வந்துருவாகளோன்னு" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. புரட்டாசி மாதம் பூராவும் பெருமாளுக்கு நான் தளிகை போட்டு வைத்தால், ஓவர்டைம் டீ குடித்து வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லிப் படுத்துக்கொண்டாயே, அது இதுதானா? அடுத்த சனிக்கிழமை பெருமாளிடம் உனக்காக நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நானும் அன்றைக்கு முட்டை சாப்பிட்டவள்தான், ஆனால் அது ஐப்பசி.

எப்படிக் கடையை ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். முதல் பத்து நாள் ஒருவரும் வரவில்லையாம். எந்த ஊர்க்காரியோ, என்ன கையோ என்று ஒதுங்கிப் போனார்களாம். ஒரு மழை நாளில் நனைந்துபோய் ஒதுங்கியவர்கள் சாப்பிட்டு, அவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்களாம். இத்தனை வருஷம் நிலைத்ததற்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு, "பசிச்சு வந்தவுகளக் காக்க வைக்கப்படாது, அம்புட்டுத்தேன்" என்றார். கிளம்பும்போது, "அங்கன என்னத்தச் சாப்புடுறாக உங்க மவன்?" என்று கேட்டார். 

அடுத்து சுப்பையனின் காளான் வண்டி. சாயங்காலமானால் பிள்ளைகள் மொய்க்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. சின்னத் தட்டில் வாங்கி ஸ்பூனால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். காளானையே காணோம். ஏனப்பா, காளான் எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் குனிந்து, "மொள்ளப் பேசுங்கம்மா. இந்த வெலைக்குக் காளானேவாங்க வரும்? முட்டைக்கோசுதானுங்க. பேருக்கு ரெண்டு காளான் கெடக்கும், உங்க தட்டுல உழுகுல" என்றார். அப்படியானால் முட்டைக்கோஸ் என்றே சொல்லி விற்கலாமே என்றேன். ஒரு வாரம் அப்படி எழுதி வைத்துப் பார்த்தாராம். இதே பிள்ளைகள் வண்டியைத் தாண்டிப் போய்விட்டார்களாம். நம்மை ஏமாற்றுகிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவரும் கடைசியில் கேட்டார், தம்பி அங்கே என்ன சாப்பிடுகிறார் என்று.

சென்னியப்பன் கடைக்குக் கடைசியாகப் போனேன். நீ பாட்டுப் பெயரெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்து, கேசட் எப்போது பதிந்து வரும் என்று நாலு தடவை நடப்பாயே, அந்தக் கடையா இது என்று இருந்தது. அலமாரி எல்லாம் காலி. "பாட்டெல்லாம் போனுக்குள்ள போயிருச்சுங்க அக்கா, என்னையத்தான் உள்ள சேத்துக்க மாட்டேங்குது" என்று சிரித்தார். அழவில்லை, புலம்பவில்லை. இடத்தை எனக்குச் சுற்றிக் காட்டினார். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, புகை போக ஜன்னல் இருக்கிறது. இருபத்தைந்து பேர் உட்காரலாம். செல்போன்காரர் அதிக வாடகை தருவதாகச் சொல்லியும் ஏன் எங்களுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மேஜையைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்து வைத்தார். நீ லூதியானாவுக்குப் புறப்பட்ட வாரம் பதியக் கொடுத்ததாம். ஒரு பக்கம் முடித்துவிட்டாராம், நீ வந்தால் மறுபக்கத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்கலாம் என்று வைத்திருந்தாராம். மூன்று வருஷம். 

தமிழ்மதி வரும் சத்தம் கேட்கிறது. மிச்சம் நாளைக்கு.

திங்கள் காலை

அவள் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன். நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஊர்க்கதையாக இருக்கிறது. எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். குண்டடத்தில் அந்தப் பையனின் அம்மாவே விடியக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள். வேலை செய்கிற கையைப் பார்த்து அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சுளித்தால் நானே வாசல்வரை வந்து வழியனுப்பி வைக்கிறேன். நம் பெண்ணை அப்படி ஒரு வீட்டுக்குக் கொடுப்பதற்காக நான் வளர்க்கவில்லை. அவர்கள் உனக்கு ஒரு சாக்கு என்றுதான் நான் நினைக்கிறேன் கண்ணு. கோபப்படாதே.

கம்பெனி நொடித்து உன் எட்டுத் தையல் மிஷினையும் வண்டியில் ஏற்றி அனுப்பிய அன்று ஷட்டரை நீ இழுத்தாய், பூட்டை நான் எடுத்துக் கொடுத்தேன்.  திங்கட்கிழமை நீ ரயில் ஏறிவிட்டாய். அதற்கப்புறம் தீபாவளிக்கு லீவு இல்லை, பொங்கலுக்கு டிக்கெட் இல்லை, மாரியம்மன் நோம்பிக்கு ஆர்டர் நெருக்கடி. நானும் சரி சரி என்றேன். உன் மகள் கடை என்று சொன்னதும் உனக்கு அந்த ஷட்டர் சத்தம்தான் கேட்டிருக்கும். அவளும் ஒரு நாள் அப்படி இழுக்க வேண்டி வருமோ என்று பயந்துதான் வேண்டாம் என்றாய். வராது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அடுத்த வருஷம் கம்பெனிகள் எப்படி ஓடும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இந்த ஒரு வாரமும் கடை கடையாக ஏறி இறங்கினேனே, உன் மிஷினைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நீ எதை நினைத்து வெட்கப்பட்டு வராமல் இருக்கிறாயோ அது இந்த ஊருக்கு ஞாபகமே இல்லை. எல்லோரும் கேட்டது, நீ என்ன சாப்பிடுகிறாய் என்பதுதான்.

எனக்கும் அதே கேள்வி வந்துவிட்டது. ஒத்திகை நடந்த அன்று ராம்பிரவேஷ் தன் அம்மாவோடு போனில் பேசினார். தினமும் ரொட்டி, தயிர், பால் எல்லாம் சாப்பிடுவதாகச் சொன்னாராம். தமிழ்மதி எனக்கு அர்த்தம் சொன்னாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் ரொட்டியைக் கண்ணில் பார்த்தது அன்றைக்குத்தான். ஏனப்பா, பெற்றவளிடம் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்கச் சொன்னேன். "அம்மாவுக்குத் தூக்கம் வர வேண்டாமா" என்றாராம். அதிலிருந்து நீ போனில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். இட்லிக் கடை இருக்கிறது, ஆறு மாதத்தில் நாலு கிலோ ஏறிவிட்டேன் என்றாயே. அன்புசெல்வியும் வேலைக்குப் போகிறாள். மத்தியானம் உண்மையாகவே எங்கே சாப்பிடுகிறாய்? அந்தக் கடையை யார் நடத்துகிறார்கள்? ஆம்பளையா பொம்பளையா? எந்த ஊரிலிருந்து வந்தவர்கள்? நீ உள்ளே நுழைந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்கிறார்களா? எல்லாம் எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

அப்படி யாராவது ஒருவர் அங்கே உன்னைக் கேட்கிறார்கள் என்றால், அவர்களும் யாரோ ஒருவருடைய மகளாகத்தான் இருப்பார்கள். அவர்களுடைய அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீ பட்டினிதான்.

தமிழ்மதி உன் மேல் கோபமாக இல்லை. அது இருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் போன் அடித்தால் ஓடிவந்து எடுக்கிறாள், உன் குரல் இல்லையென்றதும் யாரோ போல் பேசி வைக்கிறாள். அப்பா சொல்லாமல் தொடங்க மாட்டேன் என்கிறாள். நான் சரியென்று சொன்னதற்கு, "நீங்க சொன்னாப் போதாதுங்க அப்பாயி" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் வளர்த்தும் அவள் உன் மகளாகத்தான் வளர்ந்திருக்கிறாள்.

உனக்கு வாய் திறந்து சரியென்று சொல்ல வராது. உன் அப்பாவுக்கும் வராது. ஒரு தடவைகூட அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் சரியென்று சொல்லச் சொல்லி நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு சாயங்காலம் அவளுக்குப் போன் போடு. முதல் நாள் எத்தனை பேருக்கு மாவு பிசையப் போகிறாய் என்று மட்டும் கேள். அவளுக்குப் புரியும். கேட்டுவிட்டு உடனே வைத்துவிடாதே சாமி, அவள் கணக்குச் சொல்லி முடிக்கிற வரைக்கும் காதில் வைத்திரு. அந்த எண்ணிக்கையில் ஒரு இலை உன்னுடையதாக இருக்கும்.

நீயும் உன் குடும்பமும் வயிறார உண்டு, நோய் நொடி இல்லாமல், நினைத்தபோது நினைத்த இடத்துக்கு வந்துபோகிற பாக்கியத்தோடு நூறு வருஷம் வாழ வேண்டும் என்று அவினாசியப்பனை வேண்டிக்கொள்ளும்

உன் அம்மா
கருப்பாத்தாள்